ராயபுரத்துல இருந்து திருவொத்தியூர் வரைக்கும்: வீட்டுலயே புள்ளைங்களுக்கு கதை ஆரம்பிக்கிறது எப்படி

ஸ்கூலுக்கு அனுப்பாம வீட்டுலயே படிக்க வைக்கிற ஹோம்ஸ்கூல்னு ஆரம்பிச்சு எங்களுக்கு மூணு வருஷம் ஓடிடுச்சு. புதுசா ஆரம்பிக்கிறவங்க எல்லாரும் கணக்கு எப்படி, சயின்ஸ் எப்படின்னு தான் கேக்குறாங்க, அதுக்கெல்லாம் சொல்றதுக்கு நெறைய பேர் இருக்காங்க. நான் சொல்ல வர்றது கதை பத்தி மட்டும். நம்ம பழைய காப்பியக் கதை, பைபிள் கதை, ரெண்டையும் புள்ளைங்களுக்கு எங்க இருந்து எப்படி ஆரம்பிக்கிறது.

எங்க வீட்டு நிலவரத்தை சொல்லிடறேன், அப்ப தான் நான் ஏன் ரெண்டையும் புடிச்சிட்டு நிக்கிறேன்னு புரியும். நாங்க இருக்கிறது வட சென்னை, தண்டையார்பேட்டை. எங்க அம்மா வீடு ராயபுரம், ஆர்சி. வீட்டுக்காரர் சைடு திருவொத்தியூர், சைவக் குடும்பம், சைவம்னா சாமி விஷயத்துல தான், வஞ்சரம் இல்லாம அவங்களுக்கு சோறு எறங்காது. பெரியவளுக்கு ஒன்பது, சின்னவனுக்கு ஆறு. ராயபுரம் ஆயா ஒரு பக்கம் கதை சொல்றாங்க, திருவொத்தியூர் பாட்டி ஒரு பக்கம் சொல்றாங்க, நடுவுல நான்.

சட்டம் கிட்டம்னு பயப்படுறவங்களுக்கு ரெண்டே வரி: ஹோம்ஸ்கூலுக்குனு நம்ம நாட்டுல தனிச் சட்டம் கெடையாது, பத்தாவதை என்ஐஓஎஸ்ல, அதாவது தேசிய திறந்தநிலைப் பள்ளில, 14 வயசு முடிஞ்சதும் எழுதிக்கலாம். கதைக்கு பரிச்சை இல்ல, அதனால இங்க அந்த டென்ஷன் வேணாம்.

நான் மொதல்ல பண்ணின தப்பு

டைம்டேபிள் போட்டேன். கலர் பென்சில்ல கோடு கிழிச்சு, பத்து மணில இருந்து பத்தே முக்கா வரைக்கும் "இலக்கியம்". மொத நாள் சிலப்பதிகாரத்தை எடுத்து வெச்சு "திங்களைப் போற்றுதும்"னு படிச்சு ஒவ்வொரு வார்த்தைக்கா அர்த்தம் சொல்ல ஆரம்பிச்சேன். அஞ்சு நிமிஷத்துல பெரியவ பாத்ரூம் போறேன்னு எழுந்து போனா. கால் மணி நேரம் ஆச்சு ஆளைக் காணோம், போய்ப் பாத்தா மொட்டமாடில நின்னு எவனோ விடுற காத்தாடிய வாயப் பொளந்துட்டு பாத்துட்டு இருக்கா. ரெண்டு மாசம் இப்படியே போச்சு. அப்புறம் தான் எங்க ஆயாவை கவனிச்சேன், அவங்க கையில எந்த புக்கும் இல்ல, மீன் ஆஞ்சிட்டே யோசேப்பை அண்ணனுங்க கெணத்துல தள்ளின கதைய சொல்றாங்க, ரெண்டு புள்ளைங்களும் நகரவே மாட்டேங்குதுங்க.

மொதல் வேலை: புக்கை மூடுங்க

முந்தின நாள் ராத்திரி நீங்க அந்த கதைய ரெண்டு தடவ படிச்சிடுங்க. காலைல புக்கை மூடி வெச்சிட்டு வாயால சொல்லுங்க. மறந்து போனா பரவாயில்ல, "இரு இரு, அதுக்கு முன்னாடி ஒண்ணு நடந்துச்சு"ன்னு திரும்பி வரலாம், அதுங்களுக்கு அது புடிக்கும்.

எதை மொதல்ல சொல்றதுன்னு கேட்டா, மீன்பிடி ஹார்பர் இருக்கிற காசிமேடு பக்கம் இருக்கிறவங்களுக்கு நான் கண்ண மூடிட்டு சொல்றது யோனா தான். மொத்தமே நாலு அதிகாரம். கடவுள் நினிவேக்கு போடான்னா இவன் நேர் எதிர்ப் பக்கம் தர்ஷீசுக்கு போட்டு ஏறுறான். நான் எப்படி சொன்னேன்னா, "எண்ணூருக்கு போடான்னு சொன்னா இவன் காசிமேட்டுல நின்னுட்டு மகாபலிபுரம் பக்கம் போற போட்டுல காசு குடுத்து ஏறிட்டான்". புயல் வருது, கப்பல்காரங்க சரக்கை எல்லாம் கடல்ல தூக்கிப் போடுறாங்க, இவன் கீழ்த்தட்டுல தூங்கிட்டு இருக்கான். இந்த எடத்துல சின்னவன் கேட்டான், "ஐஸ் பாக்ஸையும் தூக்கிப் போட்டாங்களா?" போட்டாங்கன்னு சொல்லிட்டேன், எதுக்கு நிறுத்தணும். அப்புறம் யார் மேல குத்தம்னு சீட்டு போட்டுப் பாக்குறாங்க, அவன் பேரு விழுது.

ஒரு விஷயம், எல்லாரும் திமிங்கலம்னு சொல்லிடுவோம், யோனா புத்தகத்துல இருக்கிறது "பெரிய மீன்" மட்டும் தான். அப்படியே சொல்லுங்க. அது என்ன மீனா இருக்கும்னு எங்க வீட்டுல ஒரு வாரம் சண்டை நடந்துச்சு, சுறாவா திருக்கையான்னு.

அப்புறம் பேரை முடிவு பண்ணுங்க

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா இதுல தான் புள்ளைங்க குழம்புதுங்க. ஆர்சி வீட்டு பழைய ஆளுங்க வாயில இராயப்பர், சின்னப்பர், அருளப்பர், சூசையப்பர்னு வரும். சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்து வீடுங்கள்ல பேதுரு, பவுல், யோவான், யோசேப்பு. எல்லாம் அதே ஆளுங்க தான். என் பொண்ணு ஒரு வருஷம் வரைக்கும் இராயப்பரும் பேதுருவும் ரெண்டு பேர்னு நெனச்சிட்டு இருந்தா, "இயேசு கூட பன்னெண்டு பேர் இல்லம்மா, அதுக்கு மேல இருக்காங்க"ன்னு லிஸ்ட் போட்டு காட்டுறா. இதுல இன்னொரு குழப்பம், பழைய ஏற்பாட்டு யோசேப்பு வேற, மரியாளோட வீட்டுக்காரர் யோசேப்பு வேற. நான் கெணத்துல விழுந்தவரை யோசேப்பு, தச்சு வேலை செஞ்சவரை சூசைன்னு பிரிச்சு வெச்சேன், பிரச்சனை தீந்துது.

ஒரு வீட்டுக்கு ஒரு பேருனு வெச்சுக்கோங்க, ஆனா இன்னொரு பேரையும் ஒரு தடவ சொல்லிடுங்க. ஏன்னா இராயப்பர் தெரிஞ்சா தான் ராயபுரம் தெரியும். எங்க ஏரியால ராயபுரம்ங்கிற பேரே அவர் பேர்ல வந்தது தான்னு சொல்வாங்க, அங்க இருக்கிற புனித பேதுரு கோயிலு படகுக்காரங்க கட்டினது. துறைமுகம் வர்றதுக்கு முன்னாடி கப்பல் எல்லாம் தூரத்துல நடுக்கடல்லயே நிக்கும், அலையைத் தாண்டி மசூலா படகுல போய் ஆளையும் சரக்கையும் கரைக்கு கொண்டாந்து சேத்தவங்க அவங்க. பேதுருவும் படகுக்காரர் தானே. இதை கோயில் வாசல்ல நிக்க வெச்சு சொல்லுங்க, வீட்டுல சொல்லாதீங்க.

கையில அளந்து காட்டுங்க

கோலியாத் உயரம் பைபிள்ல ஆறு முழமும் ஒரு ஜாணும். இதை அடில மாத்தி சொன்னீங்கன்னா கதை செத்துடும். முழம்னா நம்ம புள்ளைங்களுக்கு தெரியும், பூக்காரம்மா டெய்லி தெருவுல அளக்குறாங்க. நாங்க சுவத்துல சாக்பீஸ் வெச்சு அளந்தோம். சின்னவன் அவன் கையால அளந்தான், கோலியாத் நெலைக்கதவு உயரம் கூட வரல, "இவனப் பாத்தா பயந்தாங்க?"ன்னு சிரிக்கிறான். அப்புறம் அவங்கப்பா ஸ்டூல் போட்டு ஏறி அவர் கையால அளந்தாரு. கிட்டத்தட்ட ஒன்பதே முக்கா அடி வந்துது, எங்க சீலிங் பத்தடி, ஃபேன் சுத்தினா கோலியாத் தலைல அடிக்கும். சின்னவன் கொஞ்ச நேரம் அந்த கோட்டையே பாத்துட்டு நின்னான், ஒண்ணும் பேசல. பழைய கிரேக்க மொழிபெயர்ப்புல நாலு முழமும் ஒரு ஜாணும்னு தான் இருக்குன்னு பெரியவளுக்கு மட்டும் தனியா சொன்னேன், அவ அதையும் ஒரு கோடு போட்டு வெச்சிட்டா. ரெண்டு கோடும் இன்னும் சுவத்துல இருக்கு, வீட்டு ஓனர் வரும்போது கேலண்டர் மாட்டி மறைப்போம்.

நோவாவோட பேழை முன்னூறு முழ நீளம், அம்பது அகலம், முப்பது உயரம். கிட்டத்தட்ட 450 அடி. காசிமேட்டுல நிக்கிற பெரிய போட்டு ஒண்ணு அறுவது அடின்னு வெச்சா ஏழெட்டு போட்டை வரிசையா நிறுத்தணும். இதை ஹார்பர்ல போய் எண்ணிட்டு வாங்க, சாயந்தரமா போங்க, விடிகாலைல ஏலம் நடக்கும் போது புள்ளைங்கள கூட்டிட்டுப் போனா அங்க யாருக்கும் உங்கள கவனிக்க டைம் இருக்காது, திட்டு தான் வாங்குவீங்க.

சிலப்பதிகாரத்துக்கும் இதே மாதிரி தான். கண்ணகி சிலம்புல மாணிக்கம், பாண்டிமாதேவி சிலம்புல முத்து. ரெண்டு சின்ன டப்பா எடுத்தேன், ஒண்ணுல உளுந்து, ஒண்ணுல பட்டாணி, ரெண்டையும் டேப் போட்டு ஒட்டிட்டேன். "எது யாரோடது, வெளிய ஒரே மாதிரி இருக்கு, ராஜாவுக்கு எப்படி தெரியும்?" ஆட்டிப் பாக்குதுங்க, காதுல வெக்கிதுங்க, சண்டை போடுதுங்க. கடைசில பெரியவ "ஒடச்சா தான் தெரியும்"னா. அங்க தான் நான் கண்ணகி சிலம்பை ஒடைக்கிற எடத்தை ஆரம்பிச்சேன். மணி தெறிச்சு ராஜா முன்னாடி விழுது, அவன் "யானோ அரசன் யானே கள்வன்"னு சொல்லிட்டு விழுந்துடுறான். இந்த ஒரு வரிய மட்டும் மூலத்துல இருக்கிறபடியே சொன்னேன். அர்த்தம் கேக்கல ரெண்டும், புரிஞ்சிடுச்சு. திங்களைப் போற்றுதும்ல தோத்த நான் இங்க ஜெயிச்சேன். ஒரு கதைக்கு ஒரு வரி மூலத்துல இருந்து வந்தா போதும், கதை சூடா இருக்கும் போது.

நீதி சொல்லாதீங்க, திருப்பி சொல்லச் சொல்லுங்க

இது தான் ரொம்ப கஷ்டம், எனக்கு இன்னும் வாய் நமநமங்கும். "இதுல இருந்து என்ன தெரியுது?"ன்னு கேட்ட உடனே கதை பாடம் ஆயிடுது. யோனா புத்தகம் எப்படி முடியுதுன்னு பாருங்க, லட்சத்து இருவதாயிரம் பேருக்கு மேல இருக்காங்க, மாடு கன்னு வேற இருக்கு, நான் பரிதாபப்படக் கூடாதான்னு கடவுள் கேக்குறாரு, அவ்ளோ தான், யோனா என்ன பதில் சொன்னான்னே இல்ல. அந்த புக்கே அப்படி விட்டுட்டுப் போகும் போது நாம எதுக்கு நடுவுல.

அதுக்கு பதிலா கதை முடிஞ்சு கொஞ்ச நேரம் கழிச்சோ மறுநாளோ அதுங்க வாயால திருப்பி சொல்லச் சொல்லுங்க. இங்கிலாந்துல சார்லட் மேசன்னு ஒரு அம்மா, 1923ல இறந்தவங்க, இதையே தான் படிப்புக்கு அஸ்திவாரமா வெச்சாங்க, ஹோம்ஸ்கூல் பண்றவங்க நெறைய பேர் இன்னைக்கும் அவங்க வழிய பாலோ பண்றாங்க. நடுவுல திருத்தாதீங்க. தப்பா சொன்னா சொல்லட்டும். சின்னவன் சொன்ன தாவீது கதைல சவுல் ராஜா குடுத்த கவசம் "தொளதொளன்னு நைனா பேண்ட் மாதிரி இருந்துச்சு"ன்னு வந்துது, அஞ்சு கல்லு எடுத்தான், ஒண்ணு தான் செலவாச்சு, "மீதி நாலு எங்க?"ன்னு அவனே கேட்டுக்கிட்டான். இந்த மாதிரி வர்றதை ஒரு நாப்பது பக்க நோட்டுல நீங்க எழுதி தேதி போட்டு வெச்சுக்கோங்க. நாளைக்கு யாராச்சும் புள்ளைங்க என்ன படிக்குதுன்னு கேட்டா அந்த நோட்டு போதும்.

எந்த கதைய இப்ப சொல்லக் கூடாது

இதுல நான் பட்டிருக்கேன். சின்னவனுக்கு அஞ்சு வயசு இருக்கும் போது ராத்திரி படுக்குற நேரத்துல ஆபிரகாம் ஈசாக்கை பலி குடுக்க கூட்டிட்டுப் போற கதைய சொல்லிட்டேன். கடைசில ஆடு வந்துடுதே, நல்லா தானே முடியுதுன்னு நான் நெனச்சேன். அவன் எதுவும் சொல்லல. நடு ராத்திரி எழுந்து அவங்கப்பாவ தட்டி எழுப்பி, "நைனா, சாமி சொன்னா நீ என்ன வெட்டுவியா?" வீட்டுக்காரர் தூக்கக் கலக்கத்துல என்னைப் பாத்த பார்வை இருக்கே. ஒரு வாரம் அவன் அப்பா கூட எங்கயும் தனியா போகல.

பைபிள்ல மட்டும்னு நெனைக்காதீங்க. திருவொத்தியூர்லயே கலிய நாயனார் கதை இருக்கு, செக்கு வெச்சிருந்த எண்ணெய் வியாபாரி, கோயில்ல வெளக்கு போட்டு போட்டு சொத்தெல்லாம் போய், எண்ணெய் இல்லாத நாள்ல தன் ரத்தத்தை ஊத்தி எரிக்க கழுத்தை அறுக்கப் போறாரு, சிவன் கைய புடிச்சிக்கிறாரு. பாட்டி இதை கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சொல்வாங்க. நான் அவங்க கிட்ட, "அத்த, இவனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்"னு கேட்டுக்கிட்டேன். என் கணக்கு என்னன்னா, ஏழு வயசு வரைக்கும் அப்பா அம்மாவே புள்ளைய கொல்லப் போற கதை, புள்ள முன்னாடி ரத்தம் வர்ற கதை வேணாம். சண்டை, புயல், ராட்சசன், திருடன் எல்லாம் ஓகே. கோவலன் சாவை நான் "ராஜா சரியா விசாரிக்காம கொன்னுட்டான்"னு ஒரே வரில தாண்டிட்டேன். முக்கியமா, புதுக் கதை எதையும் ராத்திரி சொல்லாதீங்க. ராத்திரிக்கு ஏற்கனவே கேட்ட கதை.

சிரிப்புக் கதை பாதி இருக்கட்டும்

எல்லாம் சாமியும் சாவுமா போனா புள்ளைங்க ஓடிடும். வீரமாமுனிவர் எழுதின பரமார்த்த குரு கதைய எடுங்க. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன்னு அஞ்சு சிஷ்யனுங்க, பேரை சொன்ன உடனே சிரிப்பு ஆரம்பிச்சிடும். ஆறு தூங்குதா முழிச்சிட்டு இருக்கான்னு கொள்ளிக்கட்டைய வெச்சுப் பாக்குறது, பூசணிக்காய குதிரை முட்டைன்னு வாங்குறது. அந்த மனுஷன் இத்தாலில பொறந்து இங்க பாதிரியா வந்து தமிழ் கத்துக்கிட்டவர், 1726ல சூசையப்பரை ஹீரோவா வெச்சு தேம்பாவணின்னு 3,615 பாட்டுல ஒரு காப்பியமே எழுதினார். தேம்பாவணிய இப்ப தொடாதீங்க, பெரியவங்களுக்கே மூச்சு வாங்கும். அவர் சிலை மெரினால இருக்கு, கண்ணகி சிலையும் அதே ரோட்டுல தான், ரெண்டுமே 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வெச்சது. ஒரே நடையில ரெண்டையும் காட்டிடலாம்.

கிரேக்கக் கதை வேணும்னா ஒடிசியஸ் ஒத்தக்கண் ராட்சசன் குகைல மாட்டிக்கிற கதை. இது தமிழ்ல சொல்றதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. இவன் தன் பேரு "யாருமில்ல"ன்னு சொல்லி வெச்சிடுறான். ராட்சசன் கண்ணு போய் கத்தும் போது வெளிய இருந்து மத்த ராட்சசனுங்க "யாருடா உன்ன அடிச்சது?"ன்னா, "யாருமில்ல! யாருமில்ல!" அப்ப எதுக்குடா கத்துறன்னு போயிடுறானுங்க. எங்க வீட்டுல ஒரு மாசத்துக்கு டம்ளர ஒடச்சது யாருன்னு கேட்டா இதே பதில் தான்.

மெட்ரோ ஏறிப் போய்ப் பாருங்க

2021ல இருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ இருக்கு, திருவொத்தியூர் தேரடி ஸ்டேஷன்ல எறங்கினா தியாகராஜர் கோயில். அங்க சொல்ல வேண்டிய கதை சுந்தரர்ங்கிற நாயன்மாரும் அவர் கட்டிக்கப் போற சங்கிலியாரும். உன்ன விட்டுப் போக மாட்டேன்னு சுந்தரர் சத்தியம் பண்ணணும். சன்னிதில பண்ணினா மாட்டிக்குவோம்னு, சிவன் கிட்ட முன்னாடியே நைசா பேசி, "நான் சத்தியம் பண்ற நேரத்துல நீ மகிழ மரத்துக்கு போயிடு"ன்னு செட் பண்ணிக்கிறாரு. சிவன் நேரா சங்கிலியார் கனவுல போய், மரத்துக்கிட்ட சத்தியம் கேளுன்னு சொல்லிடுறாரு. இந்த எடத்துல புள்ளைங்க கைதட்டும். அப்புறம் சத்தியத்தை மீறி ஊர் எல்லைய தாண்டின உடனே சுந்தரருக்கு கண்ணு போயிடுது. கோயில்லயே வட்டப்பாறை அம்மன் சன்னிதி இருக்கு, மதுரைய எரிச்ச கண்ணகி கோபம் தணியாம இங்க வந்தான்னு ஊர்ல ஒரு கதை உண்டு. பட்டினத்தார் சமாதியும் கிட்ட தான், கடலோரம், அவர் புள்ளைங்க கூட வெளையாடி, கூடைய போட்டு மூடச் சொல்லி, தெறந்து பாத்தா லிங்கமா இருந்தார்னு சொல்வாங்க.

அன்னைக்கு திரும்பி வரும் போது மெட்ரோல பெரியவ திடீர்னு, "இராயப்பரும் இப்படித் தானேம்மா, உன்ன விட மாட்டேன்னு சொல்லிட்டு சேவல் கூவுறதுக்குள்ள மூணு தடவ தெரியாதுன்னுட்டாரு"ன்னா. நான் எதையும் சேத்து வெச்சு சொல்லல. ஒரு வாட்டி பாட்டி கதை, ஒரு வாட்டி ஆயா கதைன்னு தனித்தனியா தான் சொல்லிட்டு வந்தேன்.

இதுல எது நெஜம்னு கேக்கும், கண்டிப்பா கேக்கும். "எல்லாம் ஒண்ணு தான்டா"ன்னு மழுப்பாதீங்க, ரெண்டும் ஒண்ணு இல்லன்னு ஆறு வயசுக்கே தெரியும். எங்க வீட்டுல நான் சொன்னது, இதை ஆயா நம்புறாங்க, அதை பாட்டி நம்புறாங்க, ஒடிசியஸை இப்ப யாரும் கும்பிடுறது இல்ல. நான் என்ன நம்புறேன்னு கேட்டான், அதையும் சொன்னேன். உங்க வீட்டு பதில் உங்களுது, ஆனா கேக்குறதுக்கு முன்னாடி வீட்டுக்காரரும் நீங்களும் பேசி வெச்சுக்கோங்க, புள்ள முன்னாடி தகராறு வேணாம்.

புக்கு செலவு

பெருசா எதுவும் வேணாம். வீட்டுல ஒரு முழு பைபிள், பொது மொழிபெயர்ப்பு இருந்தா நீங்க ராத்திரி படிக்க லேசா இருக்கும், பழைய மொழிபெயர்ப்பு காதுக்கு நல்லா இருக்கும். சிலப்பதிகாரம், மணிமேகலை, பெரியபுராணம் எல்லாம் மூலம் மதுரைத் திட்டம்ங்கிற வெப்சைட்டுலயும் தமிழ் இணையக் கல்விக்கழகத்துலயும் இலவசமா கெடைக்குது. உரைநடைல சுருக்கம் வேணும்னா சென்ட்ரல் பக்கத்துல மூர் மார்க்கெட் பழைய புக்கு கடைல தேடுங்க. படம் போட்ட காஸ்ட்லி செட்டு ஒண்ணு ஆன்லைன்ல வாங்கினேன், எல்லாரும் வெள்ளைக்காரங்களா இருக்காங்க, பேதுரு உட்பட. அலமாரில கெடக்கு.

மொத வாரம் இப்படி போங்க

திங்கள் யோனா மொத ரெண்டு அதிகாரம், செவ்வாய் மீதி ரெண்டு. புதன் கதை இல்ல, அதுங்க சொல்லட்டும், நீங்க எழுதுங்க. வியாழன் பரமார்த்த குரு, ஆறு தூங்குற கதை. வெள்ளி கோலியாத், சுவரும் சாக்பீஸும் ரெடியா வெச்சுக்கோங்க. சனிக்கிழமை சாயந்தரம் ராயபுரமோ தேரடியோ, எது கிட்டயோ அங்க. ஒரு நாளைக்கு இருவது நிமிஷத்துக்கு மேல போகாதீங்க. ஞாயித்துக்கிழமை லீவு, அன்னைக்கி அதுங்களா வந்து கேட்டா மட்டும் சொல்லுங்க.